மால்சேஜ் ஏற்றத்தில் ஒரு கல்

தாராவியில் தோல் பை தைக்கிறவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. குட்டை உருவம், எருமைக் கழுத்து, ஊசி குத்திக் காய்த்த விரல்கள். மால்சேஜ் மலைப்பாதையில் ஒரு மழைக்காலக் காலையில் ஒரு குழுவோடு சேர்ந்து சைக்கிள் மிதித்தோம்; நாங்கள் இருவரும் முன்னால் போனோம். கீழே ஆறு உறுமிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் நிறுத்தும் லாரிக்காரர்கள் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை அப்படியே சாலையில் விட்டுப் போவார்கள். மூடுபனியில் வருகிற சைக்கிளுக்கு அது எமன். ஒவ்வொரு கல்லுக்கும் அவர் இறங்கி, அதை ஓரமாகத் தூக்கி வைத்தார்.

ஒரு வளைவில் எங்கள் கண்ணெதிரே ஒரு லாரி கல்லை விட்டுவிட்டு நகர்ந்தது. அவர் அதைத் தூக்கிப் பக்கக் கண்ணாடியில் எறிந்தார். வண்டி நின்றது. இறங்கி வந்த டிரைவரைக் கதவோடு சாய்த்துக் குத்தினார். மூக்கு உடைந்தது.

"யாத் நஹி ரஹா, பாய்." மறந்துவிட்டேன் என்று டிரைவர் கும்பிட்டார்.

என்னோடு வந்தவர் கீழே கிடந்த கல்லை மறுபடி எடுத்து ஓங்கினார். நான் அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினேன்.

"விடுங்க சார், பொளந்துருதேன். இதே மாதிரி கல்லுல விழுந்தவன நான் தூக்கிருக்கேன். ஹெல்மெட்டோட சேத்துத்தான் தலைய அள்ள முடிஞ்சுது."

"கண்ணாடி பூரா ரோட்டுல கெடக்கு. பின்னால சைக்கிள் வருது," என்றேன்.

கை தாழ்ந்தது. கல்லை ஓரத்தில் வைத்துவிட்டு மண்டியிட்டு, சில்லுகளை வெறுங்கையால் கூட்டி அள்ளினார். மூக்கில் ரத்தம் ஒழுக டிரைவரும் பக்கத்தில் குந்திப் பொறுக்கினார்.

இப்போதும் மலைப்பாதையில் கல்லைக் கண்டால் இறங்கி எடுக்கிறேன். ஓரத்தில் வைக்குமுன் என் கை ஒரு நொடி ஓங்கிப் பார்க்கிறது.