கெல்டை எல்லாரும் முத்தமிட்ட விருந்து

ரான்டர்ஸ் நகரத்தில் இருபத்தாறு வருஷமாகப் பஸ் ஓட்டுகிற கெல்ட், எத்தனையோ குடிகாரர்களைப் பொறுமையாக இறக்கிவிட்டவன். தன் கல்யாண விருந்தில்தான் அவன் பொறுமை போனது.

அந்த ஊர்க் கல்யாண வழக்கப்படி, ஜோடியில் ஒருவர் எழுந்து வெளியே போனால், உட்கார்ந்திருக்கிற மற்றவரை விருந்தாளிகள் வரிசையில் வந்து முத்தமிட்டாக வேண்டும். கழிப்பறைக்குப் போகிற நேரத்துக்கு நடக்கிற கூத்து அது. கெல்ட் கைப்பிடித்த யெஸ்பர் எழுந்து போவதோ இது நான்காவது தடவை.

காரணம், யெஸ்பரின் தோழி பூடில். "பிரிஞ்சிடலாம்" என்று அவள் புருஷன் காலையில் செய்தி அனுப்பியிருந்தான். அவளும் விருந்துக்கு வந்துவிட்டு, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் நடுவே கோட்டு மாட்டுகிற அறைக்கு அழப் போனாள். யெஸ்பர் நர்ஸ் வேலை பார்ப்பவன். ஊரில் யார் கண் கலங்கினாலும் பின்னாலேயே ஓடுவான். சேர்ந்து வாழ்கிற பதினோரு வருஷமாக இதே கதை. கல்யாணம் ஆனாலாவது மாறுமா, இல்லை இப்படியே தனியாக உட்கார்ந்திருக்கத்தான் கையெழுத்துப் போட்டோமா என்று கெல்ட் பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்தான்.

"என்னப்பா மாப்பிள்ளை, மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?" என்று தூவ என்கிற அவன் அத்தை, முத்தமிடக் கன்னத்தை நீட்டச் சொன்னாள்.

"அத்தை, நீங்க நாலு தடவையும் வரிசைல நின்னீங்க."

"நல்லாத்தானே இருக்கு. நீங்க ஜோடியா ஆட வேண்டிய வால்ட்ஸ் ஆரம்பிக்கப் போறாங்க, அவனைக் கூட்டிட்டு வா."

கெல்ட் எழுந்து போனான். கோட்டுகளுக்கு நடுவே பூடிலின் முதுகை யெஸ்பர் தடவிக்கொண்டிருந்தான்.

"ரெண்டே நிமிஷம்டா. அழறா பாரு."

"நானும் அழணுமா? அப்பத்தான் வருவியா?"

கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். குரல் உடைந்துவிட்டது. பூடில் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூக்கைத் துடைத்தபடி வெளியே நழுவினாள்.

"நீ எதையும் தாங்கிக்குவேன்னு நெனச்சேன்" என்றான் யெஸ்பர்.

"பதினோரு வருஷம் தாங்கினேன்."

யெஸ்பர் அவன் முதுகைத் தடவ வந்தான். கெல்ட் விலகினான்.

"ஆஸ்பத்திரிக் கை வேண்டாம். அதை எல்லாருக்கும்தான் குடுக்குற."

அந்தரத்தில் நின்ற கையை எங்கே வைப்பதென்று யெஸ்பருக்குத் தெரியவில்லை. கோட்டுகளுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு ரொம்ப களைப்பா இருக்கு கெல்ட். இதை யார்கிட்டயும் சொன்னதில்ல."

உள்ளே வால்ட்ஸ் இசை ஆரம்பித்துவிட்டது. சண்டைக்கு வந்த கெல்ட் பக்கத்தில் உட்கார்ந்து தோளைக் கொடுத்தான். யெஸ்பர் முதல் முறையாகச் சாய்ந்தான்.