அப்பாவின் பெட்டிமேல் வைக்கப்பட்ட வாள்

அப்பாவின் முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். "ரெண்டு பக்கம் எழுது. நல்லதா எழுது" என்றார் அம்மா. நல்லவற்றை முதலில் சொல்கிறேன். பிறகு, இறுதிச் சடங்கன்று நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குப் பதில் சொல்கிறேன்.

அப்பா துவாக்குடியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பெரியப்பா தம் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போய், தம்பியை டிப்ளமோ படிக்க வைத்தார். அப்பா இதை மறந்ததில்லை. எங்களையும் மறக்க விட்டதில்லை. ஆக்லாந்து வந்த புதிதில் அவருடைய சான்றிதழை யாரும் ஏற்கவில்லை. மங்கரேயில் சரக்குக் கிடங்கில் பெட்டி ஏற்றினார். பிறகு மவுண்ட் வெல்லிங்டனில் ஓர் உலோகப் பட்டறையில் சேர்ந்து, உடல் இடம்கொடுத்தவரை அங்கேயே இருந்தார். கடன் வைக்கவில்லை, புறம் பேசவில்லை, யாரையும் காக்க வைக்கவில்லை. கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டார். தோட்டத்தில் இறங்கிப் புல் வெட்டுவார். நியூ லின்னில் எங்கள் வீட்டுப் புல் எப்போதும் ஒட்ட வெட்டியே இருந்தது.

ஒரு குறையும் உண்டு. தம்மைவிட மூத்தவரிடம் அவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது.

சிறுநீரகம் செயலிழந்த பிறகு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அம்மாவுக்கும் எனக்கும் வேலை. அழைத்துப் போனவர் பக்கத்து வீட்டு ரூத் ஆன்ட்டி. நாங்கள் கேட்கவில்லை, அவராகவே வந்தார். "உன் அப்பா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபடியே பிரேக் போடுகிறார். என் வண்டியின் தரையில் ஒருநாள் ஓட்டை விழப்போகிறது" என்று என்னிடம் புகார் சொல்வார். அப்பாவோ, "அந்தம்மா சிக்னல்ல கூட கதை சொல்றாங்க, நான் போடலன்னா யாரு போடறது?" என்பார்.

அந்தக் கதைகளில் ஒன்றை அப்பா எனக்குச் சொன்னார். ரூத் ஆன்ட்டியின் தாயார் ஜெர்மனியில் பிறந்த யூதச் சிறுமி. அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் மேல்மாடியில் ஓர் இராணுவ அதிகாரி இருந்தார். விருந்துக்கும் திருமணத்துக்கும் சீருடையில் வாள் தொங்கவிட்டுப் போவார். படியில் அவர் இறங்கும்போது வாளின் குஞ்சம் சிறுமியின் கண் மட்டத்தில் ஆடும். அழகாக இருக்கும் என்பதால் அதைப் பார்ப்பதற்கென்றே அவள் படியோரம் நிற்பாளாம். பிறகு அந்த மனிதர் இவர்களுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார். பிறகு இவர்கள் நாட்டைவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. வர முடியாமல் அங்கேயே தங்கிய பாட்டியும் அத்தைகளும் உயிர் பிழைக்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்ட அப்பாவுக்குத்தான் பெரியப்பா அறுபதாம் கல்யாணப் பரிசாக ஒரு வாளை ஏலத்தில் எடுத்து வந்தார்.

"பாருடா, ஜெர்மன் ஆபீசர் இடுப்புல தொங்கவிட்டது. கைப்பிடியில சிங்கத் தலை! டிசிப்ளின்னா அவனுங்கதான்டா."

சிங்கத் தலைக்குக் கீழே ஒரு கழுகு இருந்தது. அதன் காலடியில் இருந்தது நாஜிகளின் சின்னம் என்று சொல்லத் தேவையில்லை. கைப்பிடியிலிருந்து ஒரு குஞ்சம் தொங்கியது.

"அண்ணே, இது வந்து..."

"ஒண்ணும் பேசாத. அண்ணன் குடுக்கறேன், ஹால்ல மாட்டு."

"இந்த ஊரு ஈரத்துக்குத் துருப்பிடிச்சிடும்ணே. பத்திரமா உள்ள வைக்கிறேன்."

பழைய போர்வையில் சுற்றி, கராஜில் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் வைத்தார். தூக்கிப் போடுங்கள் என்றேன். "அண்ணன் குடுத்ததும்மா" என்றார். முந்தின நாள்தான் வெட்டிய புல்லை அன்று மறுபடியும் வெட்டினார்.

அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சடங்கன்று அம்மாவும் நானும் மங்கரே மண்டபத்துக்குள் நுழைந்தபோது, அந்த வாள் அப்பாவின் சவப்பெட்டிமேல் இருந்தது. பெரியப்பா கராஜிலிருந்து எடுத்து வந்து, துடைத்து, மாலைகளுக்கு நடுவே வைத்திருந்தார். குஞ்சம் பெட்டியின் ஓரத்தில் தொங்கியது. மூன்றாவது வரிசையில், தம் தோட்டத்து ரோஜாக்களுடன் ரூத் ஆன்ட்டி நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி குஞ்சத்தைப் பார்த்தார். பூக்களை நாற்காலிமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"அந்த வெள்ளைக்காரம்மா ஏன் கிளம்பிட்டாங்க? பார்க்கிங் பிரச்சினையா?" என்று கேட்டார் பெரியப்பா.

நான் வாளைத் தூக்கினேன். "சபையில வேணாம்மா" என்று அவர் என் கையைப் பிடித்தார். உதறிவிட்டு வெளியே கொண்டுபோய்க் காரின் டிக்கியில் போட்டேன். "பாவம், துக்கத்துல புத்தி கலங்கிடுச்சு" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. என் புத்தி கலங்கவில்லை. அதற்குள் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தீர்கள், 'வீரத் தமிழனுக்கு இறுதி வணக்கம்' என்று. கைகூப்பும் படங்களை வரிசையாகப் போட்டவர்களில் ஒருவருக்குக்கூட அது என்ன வாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

பெரியப்பா பிறகு என்னிடம் சொன்ன நியாயம் இது: "அது சண்டை வாளே இல்லம்மா. கூரே கிடையாது. யூனிஃபார்மோட சும்மா அழகுக்கு மாட்டறது. யாரையும் வெட்டல."

அத்தனையும் சரி. நான் இயந்திரப் பொறியாளர்; அளந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். அதன் விளிம்பு ஸ்கேல் போல மழுங்கல். அதிகாரிகள் அணிவகுப்புக்கும் விருந்துக்கும் மாட்டிக்கொண்டது. கொல்வதற்கு அவர்களிடம் வேறு கருவிகள் இருந்தன. இதன் வேலை, அவர்களை அழகாகக் காட்டுவது. படியோரம் நிற்கும் ஒரு குழந்தைகூட வியந்து பார்க்கும்படி செய்வது. மங்கரே மண்டபத்திலும் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. 'கம்பீரமா இருந்துச்சு' என்று உங்களில் எத்தனை பேர் என்னிடம் சொன்னீர்கள்!

மறுநாள் ரூத் ஆன்ட்டியின் கதவைத் தட்டினேன். அவர் ஒன்றைத்தான் கேட்டார்: "அது வீட்டில் இருந்தது உன் அப்பாவுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். எங்கே, எப்படி வைத்திருந்தார் என்பதையும் சொன்னேன்.

"அத்தனை நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அதை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "அந்த வேலையையும் என் தலையில் கட்டாதே" என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்தினார். மெதுவாகச் சாத்தியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இம்மலரின் அட்டைக்கு வாளோடு கூடிய அந்தப் படத்தையே போடச் சொன்னார் பெரியப்பா. அட்டையில் இருப்பது ரூத் ஆன்ட்டி முன்பு எடுத்த படம். அப்பா காரில் உட்கார்ந்து, வலது காலால் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கிறார். பயன்படுத்தலாமா என்று செய்தி அனுப்பினேன். 'சரி' என்று மட்டும் பதில் வந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்கள். ஒரு மாதம் சமைத்துக் கொண்டுவந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்தார். "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்று சொல்லி, பாத்திரங்களைக்கூடத் திருப்பிக் கேட்காதவர்கள். அப்பாவைப் படிக்க வைத்த பெரியப்பா. இந்த நன்றியில் பொய் இல்லை. ரூத் ஆன்ட்டி.

பெரியப்பா, வாளைத் திருப்பிக் கேட்டீர்கள். அது இல்லை. நான் வேலை செய்யும் இடத்துப் பட்டறையில் துண்டுதுண்டாக அறுத்து, பழைய இரும்போடு போட்டுவிட்டேன். அப்பா சொல்லாத 'வேண்டாம்' அது. தாமதமாக நான் சொல்லியிருக்கிறேன். கோபப்படுங்கள், பரவாயில்லை. ஆனால் இன்று இலையில் உட்காருவதற்கு முன் என்னோடு பக்கத்து வீட்டுக்கு வாருங்கள். கதவு திறக்காமல் போகலாம். நீங்கள்தான் தட்ட வேண்டும்.