கம்பளிக்குள் ஒரு பாசி

ரயில் ஜொகூர் நீரிணையைத் தாண்டி நேரே சிங்கப்பூருக்கே போகத் தொடங்கிய புதிது. லாபீஸில் ஏறி என் எதிரே உட்கார்ந்தவர் நெடிய, ஒல்லியான மனிதர். அவர்மேல் அழுகிய முட்டை வாடை அடித்ததால் மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை. மடியில் கம்பளி சுற்றிய சின்னப் புட்டி. அடிக்கடி பிரித்து, அதன்மேல் முழங்கையை வைத்துச் சூடு பார்ப்பார்.

"குழந்தைக்குப் பாலாண்ணே?" என்றேன்.

"பாசிங்க. இங்க வெந்நீர் ஊத்துல வழிச்சது, ஆராய்ச்சிக்குக் கொண்டு போறேன். அதுக்குக் குளிருது."

என் முதுகில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. "இந்த வெயில்லயா?"

"வெயிலு நமக்குத்தான். இது கந்தகத் தண்ணியில, கை வைக்க முடியாத சூட்டுல பொறந்து வளந்தது. ஆறினா செத்துரும்."

குளுவாங் நிலையத்தில் இறங்கி, காலிப் பால் டின்னில் சுடச்சுடக் கோப்பி வாங்கி வந்தேன். கண்ணயர்ந்திருந்தவர் வண்டி நகர்ந்த பிறகுதான் விழித்தார். புட்டியைத் தொட்டதும் முகம் மாறியது. என்னிடம் கையை நீட்டினார்.

"கோப்பியக் குடுங்க."

கேட்ட தோரணையில் கொடுத்துவிட்டேன். முழங்கையால் டின்னைத் தொட்டுத் தலையசைத்தார். இறுக மூடிய புட்டியை அதற்குள் இறக்கி, டின்னோடு கம்பளியைச் சுற்றினார்.

ஜொகூர் பாருவில் புதிதாக வெந்நீர் வாங்கிக்கொண்டு, என் டின்னைத் திருப்பித் தந்தார்.

"இது ஆறிப்போச்சு. இனி நீங்க குடிக்கலாம்."

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஓர் உயிர் குளிர்காய்ந்து முடித்த கோப்பியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.