இரண்டு காதுள்ள கழுதை

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் அந்தக் கப்பலில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசலாம். இது டெர்வ்லாவுக்கு நடந்தது. மாலோ ஊரில் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு அவளுடையது. பெண்கள் ஹர்லிங் ஆட்டத்துக்கு நடுவராக நிற்கிறவள். மட்டையும் கையுமாக ஓடுகிற முப்பது பெண்களையும், வெளியே நின்று வாய்க்கு வந்தபடி கத்துகிற அவர்களுடைய அப்பன்மாரையும் ஒரே விசிலில் அடக்கிவிடுவாள். அவள் கதை கட்டுகிற ரகமில்லை. கட்டியிருந்தால் தன் புருஷனை இதில் இன்னும் கொஞ்சம் கேலி செய்திருப்பாள்.

போன ஜூலையில் குடும்பத்தோடு பிரான்சுக்கு விடுமுறைக்குக் கிளம்பினாள். புருஷன் கோர்மக், ஆறு வயது மகள் ஊனா, கூரை முட்டச் சாமான் அடைத்த கார். பிரான்சில் மனிதர்கள் தேநீரே குடிப்பதில்லை என்பதுபோல இரண்டு பெரிய டப்பா தேயிலை வேறு. கார்க் துறைமுகத்தில் காரோடு கப்பலில் ஏறினால் ராத்திரி தூங்கி எழுந்து காலையில் பிரான்சின் பிரிட்டனிக் கரையில் காரை ஓட்டிக்கொண்டே இறங்கிவிடலாம். கோர்மக்குக்குக் கப்பல் என்றாலே ஆகாது. விமானத்தில் போனால் என்ன என்று கடைசி வாரம் வரை முணுமுணுத்தான். காரை மடியில் வைத்துக்கொண்டு வருவாயா என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட்டாள் டெர்வ்லா.

கப்பல் புதியதில்லை. முகப்பில் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் பழைய பெயரின் எழுத்துகள் தழும்புபோல மேடிட்டுத் தெரிந்தன. நம் கார் மாதிரியே இதுவும் இரண்டாம் கை என்று கோர்மக் மகளுக்கு விளக்கினான்.

கார் தளத்தில் வழக்கமான அவசரம். மஞ்சள் சட்டைக்காரர்கள் சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டுவார்கள். காருக்கும் காருக்கும் நடுவே ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். கப்பல் கிளம்பியதும் அந்தத் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். கரை சேரும்வரை திறக்க மாட்டார்கள். அதனால் ராத்திரிக்கு வேண்டியதை ஒரு பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறிவிட வேண்டும். எல்லாக் குடும்பமும் எதையாவது மறந்துவிட்டுத்தான் ஏறும். ஒருவர் மாத்திரையை மறப்பார், ஒருவர் மூக்குக்கண்ணாடியை மறப்பார்.

இவர்கள் மறந்தது ஃபின்டனை.

ஃபின்டன் ஒரு பஞ்சுக் கழுதை. சாம்பல் நிறம். கோர்மக்கின் பெரியப்பா முகம் அப்படியே இருந்ததால் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். இடது காது கிடையாது, நாய் கடித்துத் தின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து ஊனா அதைக் கட்டிக்கொள்ளாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை.

படுக்கிற நேரத்தில் அழுகை தொடங்கியது. கோர்மக் தகவல் மேசைக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தான். போப்பாண்டவரே வந்து கேட்டாலும் கார் தளத்தைத் திறக்க முடியாது என்று அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டாள். ஊனா அம்மாவின் கம்பளிச் சட்டையைக் கட்டிக்கொண்டு விசும்பியபடியே கண்ணயர்ந்தாள். கோர்மக் மேல் படுக்கையில் ஏறிக் குறட்டையைத் தொடங்கினான். டெர்வ்லா கதவின் தாழ்ப்பாளைப் போட்டு, ஒருமுறை இழுத்தும் பார்த்துவிட்டுப் படுத்தாள்.

ஜன்னல் இல்லாத அறை. நடைவழியின் கடைசி அறை. இயந்திரத்தின் உறுமல் மட்டும் கட்டிலில் அதிர்ந்துகொண்டிருந்தது.

முதலில் கேட்டது காலடிச் சத்தம்.

சளக்... சளக்... சளக்...

ஈரச் செருப்போடு நடப்பது போல. நடைவழியில் மெல்ல வந்தது. அவர்கள் கதவுக்கு வெளியே நின்றது. பிறகு மூன்று தட்டல், தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்று தட்டுவது போல மெதுவாக. குடித்துவிட்டு எவனோ அறை தெரியாமல் அலைகிறான் என்று நினைத்தாள். புரண்டு படுத்தாள். சத்தம் நின்றது. அவளும் தூங்கிப்போனாள்.

மறுபடி விழித்தபோது மணி மூன்றரை. அறையில் கடல் நாற்றம். டீசல் வாடையும் கலந்திருந்தது. ஊனா அழவில்லை. இருட்டில் மெல்லச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

விளக்கைப் போட்டாள். பிள்ளையின் கையில் ஃபின்டன்.

கோர்மக் எப்படியோ சாதித்துவிட்டான் என்று அவளுக்கு ஒரு கணம் புருஷன் மேல் பாசம் பொங்கியது. கழுதையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. பிழிந்தால் தண்ணீர் வரும் போல ஈரம்.

அதற்கு இரண்டு காதும் இருந்தன.

டெர்வ்லா தாழ்ப்பாளைப் பார்த்தாள். போட்டது போட்டபடியே இருந்தது.

"ஊனா... இத யாரு குடுத்தா?"

"அப்பா."

மேலே குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது.

"இந்த அப்பா இல்லம்மா. நனைஞ்ச அப்பா."

"என்ன சொன்னாரு?"

"வெளிச்சம் வர்றதுக்குள்ள கீழ கூட்டிட்டுப் போவாராம். நான்தான் இத வாங்கிக்கிட்டேன்ல? அதனால வரணுமாம்."

டெர்வ்லா பயந்தாள். பயந்ததை அவள் மறைக்கவில்லை. ஆனால் அவளுக்குப் பயம் வந்தால் பின்னாலேயே கோபமும் வந்துவிடும். யாரைக் கேட்டு என் பிள்ளையைக் கூப்பிட்டான்?

அவளுடைய அப்பா மீன்பிடிப் படகு ஓட்டியவர். கடலில் மிதந்து வருவதை, அது தொப்பியானாலும் செருப்பானாலும், படகில் ஏற்றவே விடமாட்டார். ஒருமுறை புதிய ஆள் ஒருவன் தெரியாமல் ஒரு பூட்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டான். அப்பா படகைத் திருப்பினார். எடுத்த இடத்திலேயே அதை இறக்கிவிட்டு உரக்கச் சொன்னார். எங்களோடது இல்ல, எங்களுக்கு வேணாம். கடலில் செத்தவன் பொருளை வைத்துக்கொண்டால் அவனுக்கு நம்மேல் உரிமை வந்துவிடும் என்பது அவர் எண்ணம். சின்ன வயதில் டெர்வ்லா இதையெல்லாம் கேலி செய்திருக்கிறாள். இப்போது கேலி வரவில்லை.

ஒரே உதையில் கோர்மக்கை எழுப்பினாள்.

"பிள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்கோ. யாரு தட்டினாலும் திறக்காத. என் குரல்ல கூப்பிட்டாலும் திறக்காத."

அவள் முகத்தைப் பார்த்த கோர்மக் இறங்கி வந்து மகளைப் பிடித்துக்கொண்டான். கழுதையைப் பிடுங்கியதும் ஊனா கத்தினாள். கத்தட்டும் என்று டெர்வ்லா வெளியே வந்தாள்.

நடைவழியில் ஈரக் காலடிகள். அவர்கள் கதவிலிருந்து தொடங்கிப் படிக்கட்டுப் பக்கம் போயின. படிக்கட்டில் கீழே இறங்கின. அவளும் இறங்கினாள். கழுதையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.

அடியில் இரும்புக் கதவு. பூட்டியிருக்க வேண்டிய கதவு.

ஒரு சாண் திறந்திருந்தது.

உள்ளே மங்கல் வெளிச்சம். வரிசை வரிசையாக ஆளில்லாத கார்கள். லாரிகளைக் கட்டிய சங்கிலிகள் கிரீச்... கிரீச்... என்றன. எங்கோ ஒரு கார் தானாக அலறி நின்றது.

அவர்கள் காரின் உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பின்கதவு திறந்திருந்தது.

ஒருவன் உள்ளே குனிந்து ஊனாவின் இருக்கைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. நிற்கவேயில்லை.

"இது எங்களோடது இல்ல," என்றாள் டெர்வ்லா.

கைகள் தேடுவதை நிறுத்தின.

"எங்களுக்கு வேணாம். என் பொண்ணுக்கு அப்பன் இருக்கான். இப்பத்தான் உதைச்சு எழுப்பிட்டு வர்றேன்."

அவன் திரும்பவில்லை. ஒரு கை மட்டும் பின்னால் நீண்டது. வெளுத்துச் சுருங்கிய உள்ளங்கை.

அவள் அந்தக் கையில் கொடுக்கவில்லை. கழுதையைக் காரின் முன்மூடிமேல் வைத்தாள்.

விளக்கு அணைந்தது.

சளக்... சளக்...

சத்தம் அவளை நோக்கி வந்தது. அவளுக்குப் பின்னால் கதவு. கதவுக்குப் பின்னால் படிக்கட்டு. மேலே ஊனா.

விலகினால் அவன் மேலே போய்விடுவான்.

அவள் விலகவில்லை. இரண்டு கார்களுக்கு நடுவே கையை விரித்து நின்றாள்.

"மேல போக முடியாது."

முகத்துக்கு நேரே குளிர். உப்பு நாற்றம். மூச்சு மட்டும் இல்லை.

"நில்லு. விடியிற வரைக்கும் நிப்பேன். எனக்கு வேற வேலை இல்ல."

நின்றாள். கால் மரத்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே நின்றாள். வாய்க்கு வந்த எல்லா வசவையும் உரக்கச் சொன்னாள். அவள் அம்மா கேட்டிருந்தால் பாதிரியாரிடம் இழுத்துப் போயிருப்பாள்.

கரை நெருங்கிவிட்டது என்ற காலை அறிவிப்பு ஒலிபெருக்கியில் வந்தது. குளிர் விலகியது.

அப்போதுதான் அவள் முதுகுக்குப் பின்னால் பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவர் எர்வான் என்ற பிரிட்டனிக்காரர், கப்பலில் வயதான ஊழியர். ராத்திரி அந்தக் கதவைத் தான்தான் பூட்டினேன், சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது, எப்படி உள்ளே வந்தாய் என்று திட்டத் தொடங்கினார். பிறகு காரின் முன்மூடிமேல் இருந்த தண்ணீரைப் பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். திட்டுவதை நிறுத்திவிட்டார். கழுதை அங்கே இல்லை. ஒற்றைக் காது ஃபின்டன் மட்டும் முன்சீட்டுக்கு அடியில் உலர்ந்து கிடந்தது.

எர்வான் தணிந்த குரலில் சொன்னார். கப்பல் வேறு பெயரில் வடக்குக் கடலில் ஓடிய காலம். அப்போதெல்லாம் கார் தளத்தைப் பூட்டுவதில்லை. ஒரு ராத்திரி ஒரு தகப்பன், மகள் அழுகிறாள் என்று காரில் விட்ட பொம்மையை எடுக்கக் கீழே வந்தான். பெரிய அலையில் கப்பலின் முன்கதவு பெயர்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. கப்பலைக் காப்பாற்ற மேல்கதவை அடைத்துவிட்டார்கள், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல். மறுநாள் அவன் உடல் அவன் காருக்குள் கிடைத்தது. கை காலி. மேலே அறையில் மகள் நனைந்த கழுதையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பன் கடைசியாக் குடுத்ததுன்னு அம்மாக்காரி அத வெச்சுக்க விட்டுட்டா," என்றார். "திரும்பி வர்றப்ப இதே கப்பல். காலைல பாத்தா பொண்ணு இல்ல. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. தலகாணி மட்டும் நனைஞ்சிருந்துச்சு. ஆனா அவ அவன்கிட்டயும் போய்ச் சேரல போல, இன்னும் கதவு கதவாத் தட்டிட்டுத் திரியிறான்."

அவர் சாவிக்கொத்தைக் காட்டினார்.

"நாங்க பூட்டுறது உங்கள உள்ள விடாம இருக்கிறதுக்கு இல்லம்மா."

"அப்படின்னா உங்க பூட்டு ஒண்ணுக்கும் உதவல," என்றாள் டெர்வ்லா.

இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வேண்டும். கோர்மக் காரை அங்கேயே விற்றுவிட்டு விமானத்தில் போகலாம் என்றான். இந்த முறை அவன் முணுமுணுக்கவில்லை, கைகூப்பாத குறையாகக் கேட்டான். டெர்வ்லா மறுத்துவிட்டாள். இன்று பயந்து ஓடினால் ஊனா ஆயுசுக்கும் இருட்டைப் பார்த்துப் பயப்படுவாள் என்றாள். அதே கப்பலில் அதே அறையைக் கேட்டு வாங்கினாள். ஃபின்டனை மகளின் மணிக்கட்டோடு ரிப்பனால் கட்டினாள். கதவுக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தாள்.

சளக்... சளக்...

வந்தது. நின்றது. மூன்று தட்டல்.

"எங்க கழுதை எங்ககிட்ட இருக்கு," என்றாள் கதவுப் பக்கம் திரும்பி. "இது உன் பொண்ணு இல்ல. உன் பொண்ணு எங்கயோ உனக்காகக் காத்திட்டு இருக்கா. அவளப் போய்த் தேடு."

வெகுநேரம் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்...

பிறகு காலடி நகர்ந்தது. இடதுபக்கம் போனது. பக்கத்துக் கதவில் மூன்று தட்டல்.

உள்ளிருந்து தாழ்ப்பாள் விலகுகிற சத்தம். சின்னப் பெண்ணின் குரல். ஒரே ஒரு சொல்.

"அப்பா?"

அதன்பிறகு விடியும்வரை எதுவும் கேட்கவில்லை. ஊனா ஒருமுறைகூட விழிக்காமல் தூங்கினாள்.

காலையில் டெர்வ்லா வெளியே வந்து இடதுபக்கம் பார்த்தாள். கதவே இல்லை. அவர்களுடையதுதான் கடைசி அறை. அதற்கப்பால் வெள்ளை பூசிய இரும்புச் சுவர். எர்வானைக் கூட்டி வந்து காட்டினாள். முன்பு அங்கே ஓர் அறை இருந்ததாம். அந்தப் பெண் காணாமல் போன பிறகு கதவைக் கழற்றிவிட்டு இரும்புத் தகட்டை வைத்துப் பற்றவைத்துவிட்டார்களாம். அவர் பேசிக்கொண்டே கீழே பார்த்தார்.

சுவரின் அடியிலிருந்து ஈரக் காலடிகள் புறப்பட்டுப் படிக்கட்டுப் பக்கம் போயிருந்தன. ஒரு ஜோடி பெரியது. அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல இன்னொரு ஜோடி. ஊனாவின் பாத அளவு.

அடுத்த ஜூலைக்கும் அதே கப்பலில் டெர்வ்லா இடம் போட்டுவிட்டாள். இனி அவன் வரமாட்டான் என்கிறாள். வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"வந்தா வரட்டும்," என்றாள். "நிக்கிற இடம் எனக்குத் தெரியும்."