அண்ணி போட்ட சர்வர்

திரையில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்த பிறகுதான் அண்ணி என்டர் தட்டுவார். நடுவில் யார் வந்து என்ன கேட்டாலும் இடது கை மட்டும் எழும்பி நிறுத்தும். வந்தவர் துறைத்தலைவராக இருந்தாலும் அதே கைதான். இதனால் எங்கள் கணினி அறையில் அவர் உட்காரும் இடத்துத் திரையில் மட்டும் எப்போதும் விரல் ரேகை அப்பிக் கிடக்கும். துடைக்கச் சொன்னால், வேலை முடியட்டும் என்பார். வேலை என்றைக்கு முடிந்தது?

என் அண்ணனின் மனைவி அவர். நான் கணிதம் கற்பிக்கும் கல்லூரியில் கணினி அறை உதவியாளர். நான் வேலையில் சேர்ந்த முதல் நாள், பழக்க தோஷத்தில் எல்லோர் முன்னிலையிலும் "அண்ணி" என்று கூப்பிட்டுத் தொலைத்தேன். அடுத்த வாரத்துக்குள் மொத்தத் துறைக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். ஓய்வுபெற இரண்டே வருடம் இருக்கிற துறைத்தலைவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

பதினைந்து வருடமாக அவருக்கென்று இருந்த வேலை பிரிண்டருக்குக் காகிதம் வைப்பதும், தூசி தட்டுவதும், சாவியைப் பத்திரமாக வைத்திருப்பதும்தான். சர்வர் வேலையை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மூலையில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய கணினியில் போட்டும் அழித்தும் அவராகவே கற்றுக்கொண்டார். பிழைச் செய்தி வந்தால் நாங்களெல்லாம் கடைசி வரியைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வோம். அண்ணி மேலே ஏறிப் போவார். "கடைசி வரி வெறும் அழுகை தம்பி. அடி எங்க பட்டுச்சுன்னு மேலதான் இருக்கும்." இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர் சொல்கிறார், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

செய்கிற ஒவ்வொன்றையும் எண் போட்டு நீள நோட்டில் எழுதுவார். வீட்டிலும் இதே கதை. தண்ணீர் மோட்டார் போடும் முறை ஏழு வரிகளாகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்து என் அண்ணன் பிசகில்லாமல் மோட்டார் போட்ட அன்றுதான் அது சரியான தாள் என்று அண்ணி ஒப்புக்கொண்டார். அண்ணன் பேருந்து ஓட்டுகிறவர். ஸ்டியரிங்கை விட்டால் வேறு எதையும் தொட மாட்டார், தொட்டால் அது பழுதாகும்.

போன வருடம் எங்கள் கணிதத் தேர்வை வெளி நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் நடத்தினோம். நட்டநடுவில் அது உயிரை விட்டது. பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள். இந்த வருடம் அண்ணி தானாக வந்து கேட்டார். உலாவியிலேயே கணக்குப் போட்டு, வரைபடம் வரைந்து, விடை அனுப்பும் மென்பொருளை நம் சர்வரிலேயே நிறுவித் தருகிறேன் என்றார். துறைத்தலைவர் அரைமனதாகத் தலையாட்டினார். இதுவும் கவிழ்ந்தால் மறுபடி வெளியாட்கள்தான், அண்ணி பிரிண்டர் பக்கம் போய்விடலாம் என்று எல்லோரும் இருக்கும்போதே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அண்ணி நோட்டைத் திறந்து தேதி போட்டார்.

ஒரே வாரத்தில் ஓட வைத்துவிட்டார். நூற்றெண்பது பிள்ளைகளும் ஒத்திகை பார்த்தார்கள். ஒரு சிக்கலும் இல்லை. துறைத்தலைவர் வந்து பார்த்து, நன்றாக ஓடுகிறது, இனி யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிப் போனார். தேர்வு திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை காலை, கேள்விகளையும் பெயர்ப் பட்டியலையும் வேறு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அண்ணி அழித்தார்.

திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று நான் விரல் விட்டு எண்ணினேன். அவரோ நோட்டை என் முன்னால் வைத்தார். "ஒரு தடவ ஓடினா அது அதிர்ஷ்டம் தம்பி. அழிச்சிட்டு, நோட்டப் பாத்து வேற ஒருத்தர் போட்டு ஓடினாத்தான் அது வேலை." அந்த வேற ஒருத்தர் நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

நான் தட்டினேன். அண்ணி பக்கத்து நாற்காலியில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தப்பித் தவறியும் கை நீண்டுவிடக் கூடாதாம். நோட்டின் இருபத்துமூன்று வரிகளும் முடிந்தன. பக்கம் பளிச்சென்று திறந்தது. ஒரு கணக்கைக் கொடுத்தேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

துறைத்தலைவர் உள்ளே வந்த நேரம் அது. அவர் கேட்டதை இங்கே எழுத வேண்டாம். அண்ணி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பிழையை மேலிருந்து படிக்கச் சொன்னார். பக்கத்தைக் காட்டும் பகுதி எழுந்திருந்தது. கணக்குப் போடும் பகுதி எழவே இல்லை. அண்ணியின் முகம் சிறுத்துப்போயிற்று.

"போன வாரம் இத நான் கையால ஸ்டார்ட் பண்ணியிருக்கேன். எழுதல."

மின்சாரம் ஒரு தரம் போய் வந்திருந்தால் திங்கட்கிழமை மானம் போயிருக்கும். கணினி எழும்போதே கணக்குப் பகுதியும் தானாக எழ வேண்டும் என்ற கட்டளையை இருபத்துநான்காவது வரியாக எழுதினார். என்னையே தட்டச் சொன்னார். ஓடியது. நான் மூச்சு விடுவதற்குள் மறுபடியும் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். துறைத்தலைவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாலை ஐந்து மணிக்கு, முதல் வரியிலிருந்து இரண்டாம் முறையாக, எல்லாம் ஓடியது.

"என் கை படாம அது எழுந்திரிக்கணும்," என்றார் அண்ணி. "அப்பத்தான் நான் போட்டதுன்னு சொல்லிக்குவேன்."

திங்கட்கிழமை தேர்வு தொடங்கி ஐம்பதாவது நிமிடம் தேர்வுக் கூடத்தில் விளக்குகள் அணைந்து மறுபடி எரிந்தன. பிள்ளைகளின் மடிக்கணினிகள் பேட்டரியில் தாக்குப்பிடித்தன. பக்கத்து அறையில் சர்வர் மட்டும் அணைந்து, மறுபடி எழத் தொடங்கியிருந்தது. நூற்றெண்பது திரைகளிலும் வட்டம் சுற்றியது. துறைத்தலைவர் சர்வர் அறைக் கதவைப் பார்த்து ஓடினார், சாவி அண்ணியிடம் என்பதை மறந்து. அண்ணி கடைசி வரிசை நாற்காலியில், கைகளைத் தொடைக்கு அடியில் செருகியபடி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நிமிடம். முன்வரிசைப் பெண் ஒருத்தியின் திரையில் வளைகோடு ஒன்று விழுந்தது. பிறகு அடுத்தவளுக்கு, பிறகு வரிசை முழுக்க. எழுதியிருந்த விடைகள் அப்படியே இருந்தன. யாரும் தலை தூக்கவில்லை. கணக்கு அவர்களுக்குப் போதுமான தொல்லையாக இருந்தது. இவர் என் அண்ணி என்று மேசை மேல் ஏறி நின்று கத்தலாம் போலிருந்தது எனக்கு.

பூட்டிய கதவருகிலிருந்து துறைத்தலைவர் திரும்பி, எப்படிச் சரி செய்தீர்கள் என்பதுபோல அண்ணியைப் பார்த்தார். அண்ணி தொடைக்கு அடியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, உள்ளங்கைகளை அவர் பக்கம் உயர்த்திக் காட்டினார்.