கைதட்டலைத் திருப்பித் தந்த மனோன்மணி அம்மையார்

காலைத் தேநீரைக் கையில் எடுத்த வேளையில் தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் அம்மையாரின் கணவர் குணரத்தினம். நான்கு சொல்லில் முடியக்கூடியதை ஐந்தாவது சொல்லுக்கு நீட்டாத மனிதர். "அண்ணன், மனோன்மணி போயிட்டா. எழுப்பினன், எழும்பல்ல" என்றார். உறக்கத்திலேயே அம்மையாரின் நெஞ்சத் துடிப்பு அடங்கிவிட்டதாம். அவருடைய கணவருக்கு என்ன ஆறுதல் சொன்னேன் என்பது எனக்கு நினைவில் இல்லை.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பட்டிமன்றம் கேட்டவர்களுக்கு அவரைப் பற்றி நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். மாலையில் தமிழ் மேடையின் தழல். வாகரை முதல் வெல்லாவெளி வரை கோயில் முன்றல்களில் ஓரணிக்கு அவர் தலைமை தாங்குவார், எதிரணிக்கு நான். நாங்கள் முதன்முதலில் மோதிய நாளில், நான் பேசி முடித்து அமர்ந்ததும் என் பக்கம் சாய்ந்து, "அண்ணன், இனி இந்தக் கோயிலுக்கு ஒலிபெருக்கி தேவல்ல, உங்களையே கட்டி வைக்கலாம்" என்றார். அன்று வெற்றியும் அவருக்கே.

அவருடைய பேச்சின் மணிமுடி என்று மக்கள் கொண்டாடியது அவருடைய நிறுத்தத்தை. வெள்ளமாய்ப் பாயும் சொற்பொழிவு நடுவாக்கியத்தில் அப்படியே நிற்கும். விழிகள் தொலைவில் எதையோ நோக்கும். விரல்கள் முந்தானையை நெருடும். கூட்டம் மூச்சடக்கும். சற்று நேரத்தில் சொல் மீண்டும் பிறக்கும்; கைதட்டல் வானைப் பிளக்கும். விட்ட இடத்தை விட்டு வேறோர் இடத்தில் அவர் தொடங்குவதுமுண்டு. அதையும் புதுமை என்றே போற்றினோம். இளம் பேச்சாளர்கள் கண்ணாடி முன் நின்று அந்த நிறுத்தத்தைப் பழகினார்கள். எதிரணியில் அமர்ந்து நானும் வியந்தேன்.

வியக்காதவர் குணரத்தினம் ஒருவரே. அந்த நிறுத்தத்தை அவர் அடுக்களையிலும் கண்டிருந்தார். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன் அம்மையார் கரண்டியோடு உறைந்து நிற்பார். வாய் எதையோ மெல்லும். பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பமாட்டார். பிறகு ஒன்றுமே நடவாததுபோல் பொரியலைக் கிளறுவார். கேட்டால், "நான் எங்க நிண்டன்? உங்களுக்கென்ன விசரா?" என்று சீறுவார். ஒருநாள் கணவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினார். அம்மையார் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது ஆர், நானா?" என்று மட்டும் கேட்டாராம்.

மருத்துவமனையில் அம்மையார் தம் நிலையைத் தமக்கேயுரிய தமிழில் விரித்துரைத்தார். மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கணவர் பக்கம் திரும்பி, "அம்மாவுக்கு அந்த நேரத்தில நடக்கிறது தெரியாது. கண்ட நீங்கதான் சொல்ல வேணும்" என்றார். குணரத்தினம் சொன்னார். தொடங்கும் விதம், வாயசைவு, விரலசைவு, தெளிந்தபின் வரும் களைப்பு என ஒன்றையும் விடவில்லை. "இந்த மனுசனுக்கு இவ்வளவு கதைக்கத் தெரியும் எண்டு அண்டைக்குத்தான் கண்டன் அண்ணன்" என்று அம்மையார் பின்னாளில் என்னிடம் சொல்லிச் சிரித்தார். கைப்பேசிப் படத்தையும் மூளையின் மின்பதிவையும் பார்த்த மருத்துவர், இது வலிப்பின் ஒரு வகை என்று உறுதிசெய்து மாத்திரை கொடுத்தார்.

நிறுத்தங்கள் அருகின. "அக்காட பேச்சில பழைய எடுப்பு இல்ல" என்று சுவைஞர்கள் குறைப்பட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை. வலிப்பு என்ற சொல் வெளியே போனால் மேடை போய்விடும் என்பதை அவர் அறிவார்.

பின்பு வெல்லாவெளியில் ஒரு மாலை. பட்டிமன்றம் தொடங்குமுன் ஒரு தாய் தன் மகளைக் கைப்பிடித்து வந்தார். "என்ட மகளும் உங்களப் போலத்தான் அக்கா. சோறு தின்னக்குள்ள அப்பிடியே நிப்பாட்டிப் பாத்துக்கிட்டு இருப்பா. கூப்பிட்டாலும் கேளாது. மறுகா தன்ட பாட்டில தின்னுவா. குளத்தில குளிக்கக்குள்ளயும் ஒருக்கா அப்பிடி நிண்டவ. பெரிய பேச்சாளரா வருவா எண்டு எல்லாரும் சொல்லுறாங்க" என்றார். முகமெல்லாம் பெருமை.

குளம் என்ற சொல்லில் அம்மையாரின் முகம் வெளுத்ததை அருகிலிருந்த நான் கண்டேன். அத்தாயைத் தனியே அழைத்து, இது வலிப்பாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை பிள்ளையைத் தனியே குளத்தில் இறங்க விடாதீர்கள் என்று மெல்லச் சொன்னார். தாய் கையை உதறினார். "என்ட புள்ள விழவுமில்ல, நுரை தள்ளவுமில்ல. வலிப்பு எண்டு பேர் வெச்சா ஆர் கட்டுவான் இவளை?" என்று கூட்டத்தின் கடைசிக்குப் போய்விட்டார்.

அம்மையாரின் முறை வந்தது. தலைப்பை ஒதுக்கி வைத்தார். அன்று அவர் சொன்னவை இன்றும் என் செவியில் நிற்கின்றன.

"என் நிறுத்தங்களுக்கு நீங்கள் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலை இன்று திருப்பித் தருகிறேன். அவ்வேளைகளில் என் கண் திறந்திருந்தது; உங்களை நான் கண்டதில்லை. எனக்கு வலிப்பு நோய். விழாமலும் நுரை தள்ளாமலும் வலிப்பு வரும். நான் மருத்துவர் அல்லேன். உங்கள் பிள்ளைக்கு இன்னதுதான் என்று சொல்ல என்னால் இயலாது. ஆனால் பிள்ளை இப்படி நிற்கக் கண்டால் மெச்சாதீர்கள், அடிக்காதீர்கள். கண்டதைக் கண்டபடி மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்."

ஒருவரும் கைதட்டவில்லை. கடைசி வரிசையில் அந்தத் தாய் மகளை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை குணரத்தினமும் அம்மையாரும் அவ்விருவரையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். சிறுமிக்கும் வலிப்பே என்று தெரிந்தது, மருந்து தொடங்கிற்று.

தமிழ் வளர்த்த பெருமக்களே, அதன்பின் அவரை நீங்கள் எத்தனை மேடைக்கு அழைத்தீர்கள்? "மேடையில விழுந்திட்டா ஆர் பொறுப்பு?" என்றீர்கள். உண்மை உரைத்த நாவுக்கு நீங்கள் தந்த பரிசு அது. நான் கொதித்தேன். அவர் கொதிக்கவில்லை. "எதிர்க்க ஆளில்லாம சும்மா இருந்தே வெல்லுங்க அண்ணன்" என்றார். சிரிப்பு உதட்டில் இருந்தது, கண்ணில் இல்லை. மேடையை அவர் எவ்வளவு நேசித்தார் என்பது எனக்குத் தெரியும்.

நேற்று அவர் உடலுக்கு அருகே பெண்கள் பாய் விரித்து அமர்ந்திருந்தார்கள். அவர்களிடையே வெல்லாவெளித் தாய். பக்கத்தில் இருந்த அயல்வீட்டுப் பெண், இறந்தவர் உங்களுக்கு என்ன முறை என்று தணிந்த குரலில் கேட்டார். அத்தாய் குரலைத் தணிக்கவில்லை. "என்ட மகளுக்கு வலிப்பு. இவதான் கண்டு சொன்னவ. மருந்து குடிக்கிறா, பள்ளிக்குப் போறா" என்றார். வாசல்வரை கேட்டது.

போய் வாருங்கள், அம்மையீர். உங்கள் அணி வென்றது.