குறையாத பீப்பாய்

இர்மா அத்தை யாரையும் முழுதாக நம்பியதில்லை. பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தபோது, எடை போட்டு வந்த உருளைக்கிழங்கு மூட்டையை மறுபடி எடை போடுவாள். கோயிலில் பாதிரியார் தரும் அப்பத்தைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் வாயில் போடுவாள் என்பார் என் அப்பா ரெமி. அவர் அவளுக்குத் தம்பி; பக்கத்து வீடு.

பஜோட்டன்லாந்து என்ற கிராமப் பகுதியில் எங்கள் தெருவில் பலர் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறார்கள். அத்தை குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சுவாள். பார்லியும் கோதுமையும் கொதித்த சாற்றை மாடியில் அகலமான செம்புத் தொட்டியில் ஊற்றி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போவாள். ஈஸ்ட் போடுவதில்லை. காற்றில் வருவது விழுந்து புளிக்க வைக்கும். அவள் நம்பியது காற்றை மட்டும்தான்.

கொட்டகையில் மூன்று பீப்பாய்கள் இருந்தன: ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயது. இளையதில் இனிப்பு மிச்சமிருக்கும். மூத்ததில் இனிப்பே இருக்காது, புளிப்பும் மணமும்தான். மூன்றையும் கலந்து பாட்டிலில் அடைத்தால் இளையதின் இனிப்பு உள்ளேயே புளித்து நுரையாகும். இனிப்பு கூடிப்போனால் பாட்டில் வெடிக்கும். அடைத்த பிறகும் ஒரு வருடம் படுக்க வேண்டும். அத்தை மகள் எல்கெயின் கல்யாணம் அடுத்த வசந்தத்தில். அதனால் இந்த ஈஸ்டருக்குள் கலந்தாக வேண்டும்.

தவக்காலத்தில் ஒரு நாள் அத்தை பீப்பாய்களைத் தட்டிப் பார்த்தாள். மரத்தின் வழியே பியர் மெல்ல ஆவியாகிப் போகும். மூத்ததின் மேல்பாகம் வெறுமையாக ஒலிக்க வேண்டும். அது நிறைந்ததுபோல் மொத்தென்றது. இளையதில்தான் மட்டம் இறங்கியிருந்தது. மூத்ததின் மூடிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சிலந்தி வலை அறுந்து தொங்கியது. பழ ஈக்களைப் பிடிப்பதால் கொட்டகைச் சிலந்தியை எங்கள் ஊரில் யாரும் கலைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், முயல் குழம்பைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"ரெமி, கொட்டகைச் சாவி ஒண்ணு உன்கிட்டதான இருக்கு?"

"இருக்கு. ஏன்க்கா?"

"சும்மாதான். மூத்தது எப்படி இருந்துச்சு? புளிப்பு போதுமா?"

"நீ குடுத்தாத்தான எனக்குத் தெரியும்."

"குடிச்சிட்டு, இளசை ஊத்தி மறைச்சிருக்க. தட்டிப் பாத்தா தெரியாதுன்னு நெனச்சியா?"

அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். "சின்ன வயசுல உன் சாக்லெட்ட ஒரு தடவ எடுத்தேன். இன்னிக்கி வரைக்கும் தண்டனை. ஏன்க்கா, மறைக்கிறவன் நல்ல பியரையா ஊத்துவான்? தண்ணிய ஊத்திட்டுப் போயிட மாட்டானா?"

"ஓ, அதையும் யோசிச்சு வச்சிருக்கியா?"

அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு, சாப்பிடாமலே எழுந்து போனார்.

எல்கெயைக் கட்டிக்கொள்ளப் போகும் பாஸ்தியனும் மேசையில் இருந்தான். அவனுக்கு எங்கள் பேச்சு அவ்வளவாகப் புரியாது. என்ன தகராறு என்று பிரெஞ்சில் என்னிடம் கேட்டான். சொன்னேன்.

"நிரப்புனது நான்தான்," என்றான்.

அவன் மியூஸ் ஆற்றங்கரையில் வைன் செய்யும் வீட்டில் வளர்ந்தவன். அங்கே பீப்பாயில் இடைவெளி விட்டால் காற்றுப் பட்டு வைன் கெட்டுவிடும். குறையக் குறைய நிரப்புவார்கள். கிறிஸ்துமஸுக்கு எல்கெயிடம் சாவி வாங்கிக் கொட்டகைக்கு விறகு எடுக்கப் போனவன் மூத்ததைத் திறந்து பார்த்திருக்கிறான். மாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று இளையதிலிருந்து எடுத்து நிரப்பியிருக்கிறான்.

நான் அத்தையிடம் அதை அப்படியே சொன்னேன்.

"மேலேருந்தா ஊத்துனான்? கேளு."

"ஆமாம்கிறான்."

"அப்ப ஆடை?"

பியரின் மேல் பால் ஆடைபோல ஒன்று படரும். காற்றைத் தடுப்பது அதுதான். அதனால்தான் நாங்கள் மூடியைத் திறப்பதில்லை. ருசி பார்க்க முன்பலகையில் ஓர் ஆணி இருக்கும், அதைப் பிடுங்கிச் சொருகுவோம். அத்தை எழுந்து கொட்டகைக்குப் போக, நாங்களும் பின்னால் போனோம். மூத்ததின் ஆணியைப் பிடுங்கினாள். கோப்பையில் கொஞ்சம் பிடித்து, வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள்.

"இனிக்குது. வினிகர் வாடை வரல, அது வரைக்கும் பொழச்சோம். ஆனா மறுபடி புளிக்க ஆரம்பிச்சிருச்சு. இத அடைச்சா கல்யாணப் பந்தல்ல வெடிதான்."

"எவ்வளவு நாள் காத்திருக்கணும்னு கேக்குறான்."

"அடுத்த குளிர் வரைக்கும் இதத் தொடக் கூடாது. அப்புறம் பாட்டில்ல ஒரு வருஷம். கல்யாணத்தத் தள்ளி வைக்கிறானாமா?"

"தள்ளி வைக்க மாட்டோம்," என்றாள் எல்கெ வாசலிலிருந்து.

மாலையில் அத்தை மிச்சக் குழம்பைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மூடியின் மேல் சாவி இருந்தது.

"இத நீயே வச்சுக்க."

"ஏன், வேற திருடன் கெடச்சிட்டானா?" என்றார் அப்பா.

"மாப்பிள்ள கையில இருக்குறதுக்கு உன் கையில இருக்குறது பரவால்ல."

அப்பா குழம்பைச் சூடாக்கினார்.

கல்யாணத்தில் இரண்டாவது பீப்பாயின் பியரைக் கலக்காமலே, நுரையில்லாமல், மண் ஜாடியிலிருந்து ஊற்றினார்கள். அத்தைக்கு ஊற்றியவன் பாஸ்தியன். அவள் முகர்ந்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், குடித்தாள்.

"என்னை மன்னிச்சிட்டாங்களான்னு கேளேன்," என்றான் என்னிடம்.

கேட்டேன்.

"மூத்தத அடைச்சு ஒரு வருஷம் போகட்டும்," என்றாள் அத்தை. "தொறந்து பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லு."